பெயர் கடைசியில் வரும்

முதல் நாள் நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது மொன்றியலில் மூக்கு விறைக்கிற குளிர். ஒரு கையில் மகள் ஆரணி, மறு கையில் அவளுடைய மாற்றுடுப்புப் பை. கதவைத் திறந்த பெண்மணிக்கும் கதவு நிலைக்கும் இடையில் காற்றுப் போகக்கூட இடமில்லை. அப்படி ஒரு ஆகிருதி. நான் மரியாதையாகக் கை நீட்டி, என் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பேர் கடைசியில. முதல்ல உம்மட மலை எது எண்டு சொல்லும்."

பிழையான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் பேசியது ஆங்கிலம். அதுவும் உயிரெழுத்துகளை நெரித்துப் பிழிகிற நியூசிலாந்து ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அந்த அதட்டலுக்கும் அந்த உரிமைக்கும் வேறு பாஷை பொருந்தவில்லை, நான் என்ன செய்ய? ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அவர் மாவோரி இனத்தவர். நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகள். ஒரு பிரெஞ்சுக்காரக் கப்பல்காரரைக் காதலித்து இந்த ஊருக்கு வந்தார், கப்பல்காரர் திரும்பக் கப்பலேறிவிட்டார், இவர் தங்கிவிட்டார். வில்லரே என்ற பகுதியில் ஒரு மூன்று மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் கார்டரி நடத்தினார். வேலைக்குப் போகிற தாய் தகப்பன் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். அங்கே இடம் கிடைப்பதற்கு ஆட்கள் வயிற்றில் பிள்ளை வந்த மறுநாளே வரிசையில் நிற்பார்கள். எங்களுக்கு ஒரு இடம் கிடைத்ததே கோயிலில் நேர்த்தி வைத்த பலன் என்பது என் மனைவி சாந்தியின் கணக்கு.

மாவோரி முறைப்படி ஒருவர் தன்னை அறிமுகம் செய்யும்போது முதலில் தன் மலையைச் சொல்லவேண்டும். பிறகு ஆறு. பிறகு முன்னோர் வந்து இறங்கிய வள்ளம், பிறகு இனசனம். பெயர் எல்லாவற்றுக்கும் கடைசி. மலையும் ஆறும் நீர் யார் என்று சொல்லிவிட்ட பிறகு பெயருக்கு என்ன அவசரம் என்பது அவர் கேள்வி. அவர் தன் மலையையும் ஆற்றையும் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். ஏதோ நெருங்கிய சொந்தக்காரரை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருக்கும். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்காவது ஒரு நெடிலைக் குறிலாக்குவேன். எங்கிருந்தாலும் அவருக்கு அது கேட்டுவிடும். மலையையும் ஆற்றையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் அவருடைய பெயரை மட்டும் எழுதுவது அவர் சட்டத்தில் குற்றம். அதனால்தான் இந்தக் கதையில் அவருக்குப் பெயரில்லை. எங்கள் தமிழ்ச் சனம் அவரை 'மலையக்கா' என்று சொல்லும். அதுவே இருக்கட்டும்.

என்னுடைய பிரச்சினை வேறு. நான் யாழ்ப்பாணத்தான். பலாலிப் பக்கம். எங்களுக்கு மலையுமில்லை, ஆறுமில்லை. மேசை மாதிரித் தட்டையான தரை. அதன் மேல் பனை, கீழே கிணறு. இதை ஒரு குறையாக நான் அதுவரை நினைத்ததே கிடையாது. ஆனால் அந்த அம்மா விடுவாரா? ஒவ்வொரு நாளும் பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது பார்ப்பார். வாயால் கேட்கமாட்டார், புருவத்தால் கேட்பார்.

ஒரு நாள் துணிந்து, "கீரிமலை" என்றேன்.

"நல்ல பேர். எவ்வளவு உயரம்?"

"அது... உயரமில்லை."

"உயரமில்லாத மலையோ?"

"அது கேணி. குளிக்கிற கேணி."

அவர் குனிந்து ஆரணியின் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

இன்னொரு நாள் மகாவலி கங்கை என்று ஒரு பெரிய ஆற்றைத் தூக்கிப் போட்டேன். இலங்கையிலேயே நீளமான ஆறு, இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் கேட்டது ஒரே கேள்வி: "அதின்ர தண்ணி என்ன ருசி?" நான் அந்த ஆற்றை ரயிலில் போகும்போது ஜன்னலால் பார்த்ததுதான். "மற்ற ஆக்களின்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர அம்மா எண்டு சொல்லாதையும்" என்றார். அதற்குப் பிறகு நான் அவருக்கு 'ஆரணியின்ர அப்பா' ஆனேன். அது தற்காலிக ஏற்பாடு என்பதும், ஒரு ஆறோ மலையோ கொண்டுவந்து காட்டும்வரை என் பெயர் கதவுக்கு வெளியில்தான் நிற்கும் என்பதும் எனக்கு விளங்கியது.

சாந்திக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம் மேசை. மலையக்கா வீட்டில் யாரும் மேசையில் குந்தக்கூடாது. சாப்பாடு வைக்கிற இடத்தில் குண்டி வைக்கலாமோ என்று சத்தம் போடுவார். பாத்திரம் துடைக்கிற துணியை உள்ளாடைகளோடு சேர்த்துத் தோய்க்கமாட்டார். "இது எங்கட வீட்டுச் சட்டமெல்லோ! இவ எங்கட மனுசி" என்று சாந்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் ஒரு நாள் அவசரத்தில் சமையல் மேசையின் விளிம்பில் சாய்ந்துவிட்டேன். இரண்டு பெண்களும் இரண்டு பாஷையில் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது: கார்த்திக். சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பையன், அவனுடைய மகனும் அங்கேதான். இந்தியாவில் ஆற்றுக்கா பஞ்சம் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், "காவிரி" என்றான்.

"உம்மட வீட்டிலயிருந்து எவ்வளவு தூரம்?"

"ஒரு... ஆறு மணி நேரம், டிரெயின்ல."

"பக்கத்தில ஓடுறது எது?"

கார்த்திக்கின் முகம் சுருங்கியது. அவன் பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டை. "பக்கத்துல ஓடுறது கூவம்ங்க. ஆனா அத ஆறுன்னு சொல்ல முடியாது. சாக்கடை. நாத்தம் தாங்காது. கர்ச்சீப் இல்லாம பாலத்தக் கடக்க முடியாது."

மலையக்கா கோபப்பட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. அன்றைக்குக் கோபப்பட்டார். "ஆர் அதை நாறடிச்சது? அவவோ, நீங்களோ? அம்மா வருத்தத்தில கிடந்து மணக்கிறா எண்டால் அவ அம்மா இல்லையெண்டு சொல்லுவீரோ? எங்கட ஆத்துக்கும் மேல் கரையில மரமெல்லாம் வெட்டி, சேறும் கழிவும் விட்டு நாசமாக்கிப் போட்டாங்கள். அதுக்காக நான் பேரை மாத்திச் சொல்லுறனோ?"

மறுநாளிலிருந்து கார்த்திக்கின் மகன் எல்லோரிடமும் "என் மலை பரங்கிமலை, என் ஆறு கூவம்" என்று கணீரென்று சொல்லத் தொடங்கினான். ஊரிலிருந்து வந்த கார்த்திக்கின் மாமனார் மாமியாரிடமும் அதையே சொன்னான். மாமியார் அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று கேள்வி.

ஒரு நாள் என்னோடு வந்த எங்கள் தெருச் சிவராசா அண்ணை மட்டும் தப்பினார். அவர் வழுக்கியாறு என்றார். யாழ்ப்பாணத்தில் மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஒரு வாய்க்கால் அது. "மற்ற நேரம்?" என்று மலையக்கா கேட்டார். "படுத்திருக்கும்" என்றார் அண்ணை. மலையக்கா சந்தோஷமாகத் தலையாட்டி, உடனே அவர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

ஒரு தரம் அவர் என்னிடம் கேட்டார். "நீர் இஞ்ச வந்து இருக்கிறதை ஆருக்கெண்டாலும் சொன்னனீரோ?"

"கனடா அரசாங்கத்துக்குச் சொன்னனான். பேப்பர் எல்லாம் இருக்கு."

"அவையும் வந்த ஆக்கள்தானே? இந்த மண்ணின்ர ஆக்களுக்குச் சொன்னனீரோ எண்டு கேட்டன்."

அவர் வந்திறங்கிய கையோடு பெரிய ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற மோஹாக் மக்களிடம் போய், தன் மலையையும் ஆற்றையும் சொல்லி, உங்கள் ஆற்றங்கரையில் கொஞ்சக் காலம் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர்கள் சோளச்சூப் கொடுத்தார்களாம். நான் குடிவரவு அலுவலகத்தில் காத்திருந்த நாட்களை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு தேத்தண்ணி தந்த ஆளில்லை.

பிறகு ஒரு வசந்தகாலம். அவருடைய நாட்டில் கடற்கரையும் கடலடி நிலமும் அரசுக்கே சொந்தம் என்று சட்டம் கொண்டுவரப் போனார்கள். அதை எதிர்த்து அவர் சனம் தீவின் ஒரு முனையிலிருந்து தலைநகர்வரை நடந்தார்கள். இவரால் போக முடியவில்லை. அதனால் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமான ஒரு கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஒரு கயிற்றில் பிடிக்கவைத்து, பனி கரைந்த சேற்றில் ஜாரி பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஊர்வலம் என்று கண்டால் எங்கள் சனத்துக்குக் கால் சும்மா நிற்குமா? சிவராசா அண்ணை காரின் பின்பெட்டியில் எப்போதும் வைத்திருக்கிற பதாகையை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் சேர்ந்தார். அது முழுக்க முழுக்க எங்கள் ஊர்ப் பிரச்சினை. மலையக்கா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எங்கட காணியை எங்களிட்டத் தா" என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"சரியான பதாகைதான். பிடியும்" என்றார்.

அதற்கு முந்தின வருடம் எங்கள் நாட்டில் சமாதானக் காலம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. நான் ஊருக்குப் போய்வந்தேன். திரும்பி வந்த அன்று மலையக்கா வாசலில் நின்று, "பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று காரில் ஏறிவிட்டேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. சாந்திகூடக் கேட்கவில்லை.

இனி ஒழுங்கைக்கு வருகிறேன்.

மொன்றியலில் வீடுகளுக்குப் பின்னால் சந்து மாதிரி ஒழுங்கைகள் உண்டு. எங்கள் ஊர் ஒழுங்கை மாதிரியேதான். வேலிக்குப் பதில் இரும்பு மாடிப்படி, கிடுகுக்குப் பதில் காயப்போட்ட துணி. மலையக்காவின் பிள்ளைகள் விளையாடுகிற இடம் அதுதான். வெளியே விளையாட இடம் இல்லாவிட்டால் கார்டரிக்கு அனுமதி இல்லை என்பது சட்டம். மூலை வீட்டை வாங்கிய புது முதலாளி, அந்த ஒழுங்கையை மூடித் தன் கட்டடத்துக் கார்களுக்கு எடுத்துத் தரும்படி எங்கள் பகுதிச் சபையிடம் கேட்டார். சபை யோசிக்கிறது என்று செய்தி வந்தது.

ஒழுங்கை போனால் கார்டரி போகும். கார்டரி போனால் சாந்தி தையல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கவேண்டும். கார்த்திக்கின் மனைவி படிப்பை நிறுத்தவேண்டும். மலையக்கா என்ன செய்வார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. எல்லோருமாகச் சபைக் கூட்டத்துக்குப் போவதென்று முடிவானது. கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். ஆளுக்குச் சில நிமிடம். முடிந்தால் மணி அடித்துவிடுவார்கள்.

"நான் கதைக்கிறன்" என்றார் மலையக்கா. "எங்கட ஊர்ப் பக்கத்தில பொம்பிளையளும் எழும்பிக் கதைப்பினம்." நாங்களும் நம்பினோம். அந்தக் குரலுக்கு எந்தச் சபையும் அடங்கும் என்று நினைத்தோம்.

அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். தலைவி அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உங்கள் பெயர்?" என்றார்.

"அது கடைசியில வரும்" என்றார் மலையக்கா.

தொடங்கினார். முதலில் மலை. அது வெறும் பெயரோடு நிற்கவில்லை. சூரியன் எந்தப் பக்கத்தால் அதைத் தொடும் என்பதும் வந்தது. பிறகு ஆறு, அதன் வளைவுகள் சகிதம். பிறகு வள்ளம், வள்ளத்தில் யார் யார் வந்தார்கள். பிறகு இந்த ஊரின் ஆற்றுக்கும் அதன் மக்களுக்கும் வணக்கம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் பக்கத்தில் கார்த்திக், "இன்னும் கேள்வியே வரலியே" என்று முணுமுணுத்தான். மலையக்கா தன் கொள்ளுப்பாட்டனின் தகப்பனாரிடம் வந்து சேர்ந்தபோது மணி அடித்தது.

"நன்றி, அம்மா. அடுத்தவர்."

கேள்வி வரவில்லை. ஒழுங்கை என்ற சொல் வரவில்லை. பெயரும் வரவில்லை. மூலை வீட்டு முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் என் இங்கிலீஸ் நன்றாகவே ஓடியது. "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியள்! வந்த விஷயத்தைச் சொல்லாமல் வள்ளத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு! இஞ்ச எங்கட சீவியம் கிடக்கு!"

அவர் என்னைவிடக் கோபமாக இருந்தார். "மணி அடிச்ச கையோட நான் திரும்பிப் பாத்தன். ஒருத்தர் எழும்பேல்லை! எங்கட முறையில ஒருத்தர் பேசி முடிச்சால் அவற்ர ஆக்கள் பின்னால எழும்பி நிண்டு பாடவேணும். பாடாட்டி அந்த ஆளுக்கு ஆக்கள் இல்லையெண்டு அர்த்தம். மணி அடிச்சது எனக்கு வெக்கமில்லை. நீங்கள் கதிரையில ஒட்டிக்கொண்டு இருந்தியளே, அதுதான் வெக்கம்."

சிவராசா அண்ணை தலையைச் சொறிந்தார். "முதலே சொல்லியிருந்தால் பாடியிருப்பமே பிள்ளை" என்றார்.

நல்லகாலம், விஷயத்தைச் சபை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தது. ஆனால் ஒரே ஆள் ஒரே விஷயத்தை இரண்டாம் தரம் பேசமுடியாது. பேச விரும்புகிறவர்கள் பெயரெழுதிப் பெட்டியில் போடவேண்டும்; சீட்டு எடுப்பார்கள். நாங்கள் எல்லோரும் பேர் போடுவதென்றும், யாருக்கு விழுந்தாலும் மற்றவர்கள் எழும்பிப் பாடுவதென்றும் தீர்மானம். ஒரு தரம் பட்டது போதும்.

என்ன பாட்டு? அதற்கு ஒரு கூட்டம், மலையக்கா வீட்டில். சிவராசா அண்ணை தேவாரம் என்றார். கார்த்திக் சினிமாப் பாட்டு என்றான். எந்தப் படம் என்பதில் அவனுக்கும் அவன் மனைவிக்கும் சண்டை வந்தது. ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு தாய், தனக்குத் தமிழ் வராது என்று நியாயமான ஒரு விஷயத்தைச் சொன்னாள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சோப்புப் பாட்டு. பிள்ளைகள் சாப்பிட முன்னால் கை கழுவுவதற்கு மலையக்கா தன் பாஷையில் தானே கட்டிய பாட்டு. பிள்ளைகள் வீட்டிலும் அதைப் பாடாமல் கை கழுவமாட்டார்கள் என்பதால், எங்கள் எல்லோருக்கும் அது தூக்கத்திலும் வரும். கை அசைவுகளோடு வரும்.

"சபையில போய்ச் சோப்புப் பாட்டோ!" என்றேன்.

"சுத்தமான பாட்டுத்தானே" என்றாள் சாந்தி.

அடுத்த கூட்டத்தில் சீட்டு எடுத்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவருக்குத்தான் விழுந்தது. எனக்கு. என்னைவிடப் பிரெஞ்சு தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருக்க, கடவுளுக்கு அன்றைக்கு விளையாட்டுப் புத்தி. சாந்தி ஒரு தாளில் நாலு வசனம் அழகான பிரெஞ்சில் எழுதித் தந்திருந்தாள். மரியாதைக்குரிய சபையோரே, பிள்ளைகள், ஒழுங்கை, அனுமதி, நன்றி. நேரே விஷயம். மலை கிலை ஒன்றுமில்லை. நான் அதைப் பாடமாக்கியிருந்தேன்.

தலைவி அம்மையார் சீட்டில் இருந்த என் அடையாள அட்டைப் பெயரைப் பார்த்தார். ஒரு முறை முயன்றார். இரண்டாம் முறை முயன்றார். நாக்கு முதல் எழுத்தைத் தாண்டவில்லை. "மன்னியுங்கள், ஐயா. உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார்.

நான் வாய் திறந்தேன். பெயர் வரவில்லை. மூன்று குளிர்காலமாக ஒவ்வொரு காலையும் ஒரு வாசலில் வாங்கிய அடி அப்படி. என்னையறியாமல், "பெயர் கடைசியில்" என்றேன். பின்னால் மலையக்காவின் கதிரை கிறீச்சிட்டது.

சொல்லிவிட்டேனே! இனித் திரும்ப முடியாது. தாளைப் பார்த்தேன். அதிலிருந்த ஒரு சொல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. பெட்டி, தூக்கு, வை, இல்லை, இருக்கு. அதை வைத்துத்தான் பேசினேன்.

"மலை, இல்லை. ஆறு, இல்லை."

கொஞ்சப் பேர் சிரித்தார்கள்.

"எனக்கு இருக்கிறது..." கிணற்றுக்குப் பிரெஞ்சில் என்ன? கையால் கயிறு இழுத்துக் காட்டினேன். பின்னாலிருந்து சாந்தி, "பூயி! பூயி!" என்று கத்தினாள்.

"பூயி. கிணறு. என் அப்பா வெட்டினது. நல்ல தண்ணீர். இப்போது அங்கே ஆமி. ஊர் முழுக்க ஆமி. சமாதானக் காலத்தில் போனேன். பிளேன், பிறகு பஸ், பிறகு சைக்கிள். கம்பிவேலி. ஒரு சின்னப் பொடியன், துவக்கோடு. போ என்றான். கிணறு அந்தப் பக்கம். இரண்டு தோட்டம் தூரம். நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தேன்."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. சாந்திக்கும் இதை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"என் மகளுக்கு அந்தக் கிணறு தெரியாது. அவளுக்கு இந்த ஒழுங்கை தெரியும். அங்கே விழுந்தாள், எழும்பினாள், ஓடினாள். நாளைக்கு அவள் எங்கேயாவது போவாள். உன் இடம் எது என்று ஒருவர் கேட்டால், ஒழுங்கை என்று சொல்வாள். அவளும் என்னைப் போல வேலிக்கு வெளியே நிற்கவேண்டாம். தயவுசெய்து."

மணி அடித்தது. பேச்சு முடிந்தது.

அப்போது பின்னால் கதிரைகள் நகர்ந்த சத்தம் கேட்டது. மலையக்கா தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்தார்கள். சிவராசா அண்ணை தேவாரத்துக்கு நிற்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கார்த்திக் குடும்பம், ஹெயிட்டித் தாய், மடியில் இருந்த பிள்ளைகள், எல்லோரும் எழுந்து நின்று, இரண்டு கையையும் தேய்த்து, விரலிடுக்கெல்லாம் கழுவி, உதறி, அந்தப் பாட்டை ஒரு தேசிய கீதத்தின் கம்பீரத்தோடு பாடினார்கள். நான் மட்டும் முன்னால் நின்றேன். எனக்கு ஆட்கள் இருந்தார்கள். கண் கலங்கியதற்கு வெட்கப்படவில்லை. மேடையில் இருந்த ஒரு வயதான உறுப்பினர் தன்னையறியாமல் மேசைக்குக் கீழே கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"ஐயா, உங்கள் பெயர்?" என்று தலைவி அம்மையார் கேட்டபோது நான் ஏற்கனவே என் கதிரைக்குத் திரும்பிவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த முடிவில் ஒழுங்கை தப்பியது. வாயில் பக்கம் பெரிய பூச்சாடிகளை வைத்துக் கார் வராமல் அடைத்தார்கள். ஆரணி பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேதான் விளையாடினாள். ஆனால் அந்த முடிவு வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. நினைவிருப்பது கூட்டம் முடிந்த அந்த மாலைதான்.

பேச்சு முடிந்தால் சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பேச்சு முடியாது என்பது மலையக்காவின் இன்னொரு சட்டம். அதில் எங்கள் சனத்துக்கு என்றைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒழுங்கையில் மடிப்பு மேசைகள் விரிந்தன. ஆனி மாதம்; வெயில் இன்னும் இரும்புப் படிகளில் இருந்தது. சாந்தியின் ரோல்ஸ், கார்த்திக் வீட்டுத் தயிர்சாதம், கீரையும் மாவுக்கொழுக்கட்டையும் போட்டு மலையக்கா காய்ச்சிய கஞ்சி. யாரும் மேசையில் குந்தவில்லை.

மலையக்கா என்னை நோக்கி வந்தார். வந்தவர் என் பிடரியில் கை வைத்து, தன் நெற்றியையும் மூக்கையும் என் நெற்றியிலும் மூக்கிலும் சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றார். அது அவர்களுடைய வணக்கம். மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, யாழ்ப்பாணத்தான் ஒருவன் இதற்கு என்ன செய்வது? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"கிணறு எண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாமே, விசரா" என்றார்.

"நீங்கள் ஆறெல்லோ கேட்டனீங்கள்."

"தண்ணி எங்கயிருந்து எண்டுதான் கேட்டனான். அது படுத்திருந்தால் என்ன, நிமிந்து நிண்டால் என்ன?"

பிறகு கொஞ்சம் விலகி நின்று, உடுப்பைச் சரிசெய்து, ஏதோ அன்றைக்குத்தான் கதவைத் திறந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"இனிச் சொல்லும். உம்மட பேர் என்ன?"

தொழிற்சாலையில் என்னை 'சாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த முதல் வாரமே வெட்டிவிட்டார்கள். வங்கியில் சாம், மருத்துவரிடம் சாம். அந்த வருடங்களில் யாராவது பெயர் கேட்டால் நானே சாம் என்று சொல்லி அவர்களுடைய வேலையைக் குறைத்துவிடுவேன்.

அன்றைக்கு முழுதாய்ச் சொன்னேன்.

"ஞானசம்பந்தமூர்த்தி" என்று அவர் திருப்பிச் சொன்னார். ஓரெழுத்தும் குறையவில்லை. அவருடைய மலையின் பெயர் இதைவிட நீளம். என் பெயர் அவ்வளவு நீளம் என்பதை நான்தான் மறந்திருந்தேன்.